முந்தானை நிற்காத தோள்: தோள் வளைய மூட்டுகளின் இயக்கத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கழுத்தில் நடந்த ஒரு சிறிய அறுவைக்குப் பிறகு இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாமல் போன 36 வயதுப் பெண் ஒருவரைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. அவர் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, நோயின் போக்கை மட்டும் எழுதுகிறேன். கை உயராமல் போனதற்கான காரணம் அவருடைய கையிலும் இல்லை, தோள்மூட்டு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பந்துகிண்ண மூட்டிலும் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய மூன்று மாதம் அந்த மூட்டுக்கே சிகிச்சை நடந்தது. அவருடைய முதுகை யாரும் திறந்து பார்க்காததே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று தோன்றியதும் அதனால்தான்.

முறையீடும் முன்கதையும்

என்னிடம் வருவதற்குப் பதினைந்து வாரங்களுக்கு முன் அவருக்குக் கழுத்தின் இடப்பக்கம் நெறி கட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு நெறியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய் நெறி என்று முடிவு வந்தது. ஆறு மாத மருந்து தொடங்கப்பட்டது. அவர் அதை ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டு வந்தார். காயம் நன்றாக ஆறியது. ஆனால் அறுவை நடந்த சில நாட்களிலேயே, தோளில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல ஒரு வலி தொடங்கியது. தையல் போட்ட இடத்து வலி என்று எண்ணி விட்டுவிட்டார். மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பியபோது, மேல் தட்டில் இருக்கும் பாத்திரத்தை இடது கையால் எடுக்க முடியவில்லை.

காட்டிய இடத்தில் ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள்மூட்டு இறுகிப்போகும் நோய், என்று சொன்னார்கள். மெழுகு ஒத்தடம், மின்சிகிச்சை, கப்பியில் கயிற்றைப் போட்டு வலது கையால் இழுத்து இடது கையை உயர்த்தும் பயிற்சி என்று வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தது. கப்பிப் பயிற்சிக்குப் பிறகு வலி கூடியது. அல்ட்ராசவுண்டு எடுத்துப் பார்த்ததில் தோளின் மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில் வீக்கம் தெரிந்தது. மூட்டருகே ஓர் ஊசி போட்டார்கள். பத்து நாள் வலி குறைந்து மீண்டும் வந்தது.

இத்தனையையும் சொல்லி முடித்த பிறகு, பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களோ என்ற தயக்கத்தோடு அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்கு வழி காட்டியது. “கை வலிகூடப் பரவாயில்ல மேடம், முந்தானை நிக்க மாட்டேங்குது. எத்தனை பின் குத்தினாலும் எறங்கிடுது.”

மூட்டு இறுகிப்போனால் கை உயராது, சட்டை மாட்ட முடியாது, தலை வாரவும் முடியாது. முந்தானை மட்டும் வழுக்குவதற்கு அது காரணமாகாது. முந்தானை வழுக்க வேண்டுமென்றால் தோளே சரிந்திருக்க வேண்டும்.

நான்கு மூட்டுகள், ஒரே அசைவு

தோள் வளையம் என்பது நான்கு மூட்டுகளின் கூட்டு. காறை எலும்பின் உள்முனை மார்பெலும்போடு சேருவது முதலாவது. நடுவே ஒரு நார்க்குருத்துத் தட்டைக் கொண்ட, சேணம் போன்ற இந்தச் சிறிய மூட்டுதான் கை முழுவதையும் உடலின் நடு எலும்புக்கூட்டோடு பிணைக்கும் ஒரே எலும்பு மூட்டு. அதே காறை எலும்பின் வெளிமுனை, தோள்பட்டை எலும்பின் அக்ரோமியன் என்னும் தோள்முனையோடு சேருவது இரண்டாவது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் கிளெனாய்டு குழியில் அமர்வது மூன்றாவது. இந்தக் குழி மிகவும் ஆழமற்றது. தலையின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் ஒரு நேரத்தில் குழியைத் தொட்டிருக்கும். கை இவ்வளவு திசைகளில் சுழல்வதும் அந்த ஆழமின்மையால்தான், எளிதில் நழுவுவதும் அதனால்தான்.

நான்காவது, தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் வழுக்கிச் செல்லும் இடம். இதை மூட்டு என்று சொல்வதற்குச் சிலர் தயங்குவார்கள். இங்கே குருத்தெலும்பு இல்லை, மூட்டுறை இல்லை, எலும்போடு எலும்பைக் கட்டும் பந்தகமும் இல்லை. இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது விலா வரை பரவிக் கிடக்கும் ஒரு முக்கோணத் தகடு, தசைப் படலங்களுக்கு இடையே மிதக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பவையும் நகர்த்துபவையும் தசைகளே. ஆகவே, மற்ற மூன்று மூட்டுகளும் நோயில்லாமல் இருக்க, ஒரே ஒரு நரம்பு அறுந்தால் இந்த நான்காவது மூட்டு மட்டும் நிலைகுலைந்து போகலாம். இந்த நிகழ்வின் மையம் இதுதான்.

கையைப் பக்கவாட்டில் 180 பாகை உயர்த்தும்போது, ஏறத்தாழ 120 பாகை பந்துகிண்ண மூட்டிலும் 60 பாகை தோள்பட்டை எலும்பின் மேல்நோக்கிய சுழற்சியிலும் கிடைக்கிறது. இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகிய மூவர் 1944இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பாடநூல்களில் நிலைபெறச் செய்தது. எல்லாருக்கும் எல்லாக் கட்டத்திலும் இது ஒரே சீராக இருப்பதில்லை. முதல் 30 பாகையில் தோள்பட்டை எலும்பு பெரிதாக அசையாமல் தன் இருப்பைச் சரிசெய்துகொள்ளும். அதற்குப் பிறகே சுழலத் தொடங்கும். அது சுழல வேண்டுமானால் காறை எலும்பும் உடன் வர வேண்டும். காறையின் வெளிமுனை மேலேறுகிறது, பின்னுக்கு நகர்கிறது, தன் நீள அச்சிலேயே பின்புறமாக உருள்கிறது. உங்கள் வலது கை விரல்களை இடது காறை எலும்பின் மேல் வைத்துக்கொண்டு இடது கையை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். விரலுக்கடியில் அந்த எலும்பு உருள்வதை நீங்களே உணரலாம்.

இந்தச் சுழற்சியை நடத்துபவை முக்கியமாக இரண்டு தசைகள். பிடரியிலிருந்து நடுமுதுகு வரை விரிந்த டிரபீசியஸ் ஒன்று, விலாக்களிலிருந்து புறப்பட்டுத் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பைப் பற்றும் செரட்டஸ் ஆன்டீரியர் மற்றொன்று. செரட்டஸ் கீழ்க்கோணத்தை முன்னும் வெளியுமாக இழுக்கிறது. டிரபீசியஸின் மேல் நார்கள் காறையின் வெளிமுனையைத் தூக்குகின்றன. நடு நார்களும் கீழ் நார்களும் தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தேர் முடுக்குத் திரும்பும்போது, வடத்தை இழுப்பவர்களின் பலம் மட்டும் போதாது; சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரும் வேண்டும். அவர் இல்லாவிட்டால் தேர் திரும்பாமல் நேரே ஓடிவிடும். டிரபீசியஸ் செயலிழந்த தோளில் செரட்டஸ் இழுக்கும் இழுப்புக்கு எதிர்ப்பிடி இல்லாததால், எலும்பு சுழல்வதற்குப் பதிலாக வெளிப்பக்கமாக நழுவிச் செல்கிறது.

தோளை மேலிருந்து மூடி, கையைத் தூக்கும் டெல்டாய்டு தசைக்கு நரம்பு நலமாக இருந்தும் அது ஏன் இந்த நிலையில் கையைத் தூக்குவதில்லை என்பதை மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. டெல்டாய்டு புறப்படுவதே தோள்பட்டை எலும்பிலிருந்தும் காறையிலிருந்தும்தான். புறப்படும் இடம் நிலையாக நின்றால் அது கையைத் தூக்கும். நிலையாக நில்லாதபோது, கனமான கையைத் தூக்குவதைவிடத் தளர்ந்து கிடக்கும் தோள்பட்டையைக் கீழே சாய்ப்பதே அதற்கு எளிது. அடி வழுக்கும் ஏணியில் எவ்வளவு வேகமாக ஏறினாலும் உயரம் கூடுவதில்லை.

பரிசோதனை

எங்கள் பரிசோதனை அறையில் பொத்தான் வைத்த பெரிய சட்டைகள் சில உண்டு. பெண்கள் அதை முன்பின்னாக மாற்றி அணிந்துகொண்டால், முன்புறம் முழுவதும் மூடியிருக்கும், முதுகு மட்டும் திறந்திருக்கும். நம் ஊரில் பெண்களின் தோளைச் சேலைக்கும் ரவிக்கைக்கும் மேலாகவே தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. நோயாளியின் கூச்சத்தை மதிப்பதாக எண்ணியே பலரும் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுப்பதற்கும் முதுகைப் பார்ப்பதற்கும் இடையே மோதல் எதுவும் இல்லை. உடன் ஒரு பெண் உதவியாளரும் ஒரு பழைய சட்டையும் இருந்தால் போதும்.

பின்னால் நின்று பார்த்தபோது இடது தோள்முனை வலதைவிட 2.5 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் வளைவு வலப்பக்கம் நிறைந்தும் இடப்பக்கம் குழிந்தும் இருந்தது. முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கும் இடையே வலப்பக்கம் 6 சென்டிமீட்டர், இடப்பக்கம் 9 சென்டிமீட்டர். கழுத்தின் பக்கவாட்டில், காறைக்கு மேலே, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஆறிய தழும்பு இருந்தது. காது மடலின் அடிப்பகுதியில் தொடுவுணர்வு குறைந்திருந்தது. தோட்டின் திருகாணியைத் திருகும்போது விரலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை என்று அவரே சொன்னார்.

பக்கவாட்டில் கையைத் தானாக 75 பாகை வரைதான் உயர்த்த முடிந்தது. முன்னோக்கி 115 பாகை வரை உயர்ந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. முன்னோக்கி உயர்த்தும்போது செரட்டஸ் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கிறது; பக்கவாட்டில் உயர்த்தும்போதுதான் டிரபீசியஸின் பிடி அதிகமாகத் தேவைப்படுகிறது. பக்கவாட்டில் உயர்த்தும்போது தோள்பட்டையின் உள்விளிம்பு விலாவை விட்டு எழும்பியது. முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி நான் எதிர்த்துப் பிடித்தபோது, அந்த விளிம்பு கதவு திறப்பதுபோல வெளியே பிரிந்து நின்றது.

பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, தோள்பட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு நானே கையை உயர்த்தினேன். 170 பாகை வரை தடையில்லாமல் சென்றது. முன்கையை வெளிப்புறம் திருப்புவது இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தது. ஃப்ரோசன் ஷோல்டர் என்ற முடிவு இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. அந்த நோயில் மூட்டுறையே தடித்துச் சுருங்குவதால், நோயாளி தானாக அசைத்தாலும் நாம் அசைத்தாலும் ஒரே இடத்தில் தடைபடும். அதிலும் வெளிப்புறத் திருப்பம் தெளிவாகக் குறைந்திருக்கும். அந்தப் பெயரை 1934இல் வழக்கில் கொண்டுவந்த பாஸ்டன் அறுவை மருத்துவர் கோட்மன்தான், மேற்கையும் தோள்பட்டையும் சேர்ந்து அசையும் ஒழுங்கை ஒரு லயமாகப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தவர். அவருடைய முதல் சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. இரண்டாவது பாடத்தைப் பலரும் பின்னுக்குத் தள்ளிவிட்டோம் என்பது என் வருத்தம்.

கடைசியாக, அவரை உட்காரவைத்துப் பின்னால் நின்றேன். ஒரு கையால் தோள்பட்டையின் மேல்பகுதியை முதுகெலும்பின் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரல் மேட்டால் கீழ்க்கோணத்தை முன்னும் மேலுமாகச் சுழற்றிக் கொடுத்தபடி, கையை உயர்த்தச் சொன்னேன். 140 பாகை வரை உயர்ந்தது. கை காதுக்குப் பக்கத்தில் வந்ததைக் கண்ணாடியில் பார்த்தவர், தன் கொண்டையைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் கையை இறக்கவில்லை. நான் பிடியை விட்டதும் கை தானாக இறங்கியது.

நரம்பு எங்கே அறுந்தது

டிரபீசியஸுக்குக் கட்டளை கொண்டுவருவது 11ஆம் கபால நரம்பாகிய துணை நரம்பு. கழுத்தின் பக்கவாட்டில், காதின் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் பெரிய தசையின் பின்விளிம்பில், மேல் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தையொட்டி அது வெளியே வருகிறது. அங்கிருந்து டிரபீசியஸுக்குள் நுழையும் வரை தோலுக்கும் மெல்லிய உறைகளுக்கும் அடியில், ஏறக்குறைய மேலாகவே ஓடுகிறது. அதே பாதையில்தான் நெறிகளும் இருக்கின்றன. இந்த நரம்பு சேதமடைவதற்கு மிகப் பொதுவான காரணமே அந்த இடத்தில் செய்யப்படும் நெறி அகற்றல் என்பது அறுவை மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

இந்த நோயாளியிடம் குழப்பத்தை உண்டாக்கிய இரண்டு அறிகுறிகளும் உடற்கூற்றின் வழியாகவே தெளிவாகின்றன. முதலாவது, முன்பு பார்த்தவர் தோளைக் குலுக்கச் சொன்னபோது அவரால் ஓரளவு குலுக்க முடிந்திருக்கிறது. ஆகவே நரம்பு சரியாக இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் தோள்பட்டை எலும்பைக் கழுத்தோடும் முதுகெலும்போடும் பிணைக்கும் லெவேட்டர் ஸ்கேபுலே, ரோம்பாய்டு ஆகிய தசைகளுக்கு வேறு நரம்புகள் உண்டு. டிரபீசியஸ் முழுவதும் செயலிழந்தாலும் அவை தோளைக் குலுக்கிக் காட்டிவிடும். இரண்டாவது, கழுத்தைத் திருப்பும் பெரிய தசை நலமாக இருந்தது. அதற்கான கிளையைத் துணை நரம்பு தழும்பு இருக்கும் பகுதிக்கு வருவதற்கு முன்பே கொடுத்துவிடுகிறது. ஆகவே அத்தசை நலமாக இருப்பது நரம்பு அறவில்லை என்பதற்குச் சான்றல்ல. அறுந்த இடம் அந்தக் கிளைக்குக் கீழே இருக்கிறது என்பதற்கே சான்று. காது மடலின் மரமரப்பு, அருகில் ஓடும் உணர்வு நரம்பும் அதே இடத்தில் பாதிக்கப்பட்டதைக் காட்டியது.

செரட்டஸின் நரம்பு பழுதடைந்தாலும் தோள்பட்டை சிறகுபோல எழும்பும். அங்கே எலும்பு மேலும் உள்ளுமாக, முதுகெலும்பை நோக்கி நகரும்; சுவரில் கையூன்றித் தள்ளும்போது பளிச்சென்று தெரியும். இவரிடம் எலும்பு வெளியே நழுவியிருந்தது. சுவரைத் தள்ளும்போது எழும்பல் கூடவில்லை. பொருந்தாத அந்தச் சாத்தியத்தை அத்துடன் விலக்கினேன்.

தசைநாண் வீக்கத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தோள்பட்டை மேல்நோக்கிச் சுழலாதபோது, உயரும் மேற்கை எலும்பின் தலைக்கும் தோள்முனைக்கும் இடையே சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் நசுங்குகிறது. படத்தில் தெரிந்த வீக்கம் உண்மைதான். ஆனால் அது விளைவு. கப்பிப் பயிற்சி அந்த நசுக்கலை நாளுக்கு நூறு முறை செய்து கொடுத்திருக்கிறது. நோயாளிக்கு வலி கூடியபோது, பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அவரையே குறை சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டு மனம் கனத்தது.

சிகிச்சை

கப்பியை அன்றே நிறுத்தினேன். நரம்பு அறுவை மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து, தசை மின்பதிவு எடுக்கச் சொன்னேன். டிரபீசியஸின் மூன்று பகுதிகளிலும், நரம்பை இழந்த தசையில் தானாக எழும் நார்த்துடிப்புகள் இருந்தன. முயற்சி செய்தபோது எந்தப் பதிவும் எழவில்லை. செரட்டஸ், டெல்டாய்டு, ரோம்பாய்டு ஆகியவை இயல்பாக இருந்தன. இந்த நிலையில் காலம் முக்கியமானது. நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் வளர்கிறது. கட்டளை வராத தசையோ மாதங்கள் செல்லச் செல்ல நாராகிக்கொண்டே போகிறது. அறுவையின்போது ஏற்பட்ட சேதத்தில், மீளும் அறிகுறி இல்லையென்றால் சில மாதங்களுக்குள் திறந்து பார்ப்பதே நல்லது. ஓராண்டுக்கு மேல் போய்விட்டால் பெரும்பாலும் தசைகளை இடம் மாற்றித் தைக்கும் அறுவையைத்தான் நாட வேண்டியிருக்கும். லெவேட்டர் ஸ்கேபுலேயையும் ரோம்பாய்டுகளையும் வெளிப்பக்கமாக மாற்றிப் பொருத்தும் அந்த முறையை 1924இல் ஈடனும் 1951இல் லாங்கேயும் விவரித்தார்கள்.

இவருக்கு ஐந்தாவது மாத முடிவில் கழுத்து திறக்கப்பட்டது. நரம்பு முழுவதுமாக அறுந்து, இரு முனைகளும் தழும்புத் திசுவில் சிக்கியிருந்தன. முனைகளைச் சீராக்கிய பிறகு ஏற்பட்ட இடைவெளியைக் காலிலிருந்து எடுத்த உணர்வு நரம்புத் துண்டால் இணைத்தார்கள். மூன்று வாரம் கை தொட்டிலில் இருந்தது.

அதன் பிறகான மாதங்களில் எங்கள் வேலை பெரும்பாலும் காத்திருத்தல்தான். ஆனால் சும்மா காத்திருத்தல் அல்ல. மூட்டு இறுகிவிடாமல், படுத்த நிலையில் தோள்பட்டையைத் தாங்கிப் பிடித்துக் கையை அசைத்துக் கொடுத்தோம். உட்காரும்போதெல்லாம் முன்கைக்கு அடியில் தலையணை வைத்துத் தோளின் பாரத்தை இறக்கிவைக்கச் சொன்னோம். பக்கவாட்டில் படுத்து, வழவழப்பான பலகையின் மேல் கையை நகர்த்தும் பயிற்சியில் செரட்டஸுக்குப் பலம் கூட்டினோம். இடது கையில் வாளி, குடம், பை எதுவும் தூக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. சத்துணவுக் கூடத்தில் இந்த விதியைக் காப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். உடன் வேலை பார்த்தவர்கள் அரிசிப் பானையைத் தாங்களே இறக்கிக்கொண்டு, இவருக்குக் காய் நறுக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

தொடர் கண்காணிப்பு

நரம்பு இணைப்புக்குப் பின் ஐந்தாவது மாதம், பிடரியில் வைத்திருந்த என் விரலுக்கடியில் முதல் துடிப்பு தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் மட்டும் தெரியும். எட்டாவது மாதத் தசை மின்பதிவில் மேல், நடுப் பகுதிகளில், நரம்பு மீண்டும் தசையை எட்டியதைக் காட்டும் புதிய அலகுகள் எழுந்தன. அதற்குப் பிறகே, கண்ணாடி முன் உட்கார்ந்து தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தும் பயிற்சியைத் தொடங்கினோம். எண்ணிக்கையைக் கூட்டவில்லை. உள்விளிம்பு எழும்பத் தொடங்கும் பாகையில் நிறுத்திவிட்டு, அந்தப் பாகையை வாரந்தோறும் சிறிது சிறிதாக நகர்த்தினோம்.

பதினான்காவது மாதம் எடுத்த அளவுகள் இவை: பக்கவாட்டில் 145 பாகை, முன்னோக்கி 160 பாகை, தோள்முனைகளின் உயர வேறுபாடு 1 சென்டிமீட்டர், முதுகெலும்பிலிருந்து உள்விளிம்புக்கு இடப்பக்கத் தூரம் 7 சென்டிமீட்டர். ஓய்வில் வலி இல்லை. டிரபீசியஸின் கீழ்ப் பகுதி இன்னும் பலவீனமாக இருக்கிறது; கையை உயர்த்தி அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தால் உள்விளிம்பு எழும்புகிறது. காது மடலின் மரமரப்பு மாறவில்லை. மேல் தட்டுப் பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுக்கிறார், நிரம்பிய பாத்திரத்தை இன்னும் எடுப்பதில்லை. முந்தானைக்கு இப்போது ஒரு பின் போதும் என்று சொன்னார். அடுத்த பரிசோதனையை ஆறு மாதம் கழித்து வைத்திருக்கிறோம்.